முன்னாள் தவிசாளரின் கைத்துவக்கு

கடந்த ஞாயிறு பெரியகல்லாற்றில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்பு பிரதேச சபையில் தவிசாளராக இருந்தவர். பதவி போய்விட்டது. பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு வாங்கிய கைத்துவக்கு மட்டும் இடுப்பை விட்டுப் போகவில்லை.

தேநீர் வருமுன்னரே அதை உறையிலிருந்து எடுத்து, தோட்டாக்களைக் கழற்றி, மேசையில் பேப்பர் விரித்து வைத்தார். என்ன விசேஷம்? கறள் பிடித்துவிட்டதாம்!

பிறகு ஒரு லெக்சர். நீலக்கறுப்புப் பூச்சு நம் ஊருக்கு உதவாது... ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக்காற்று தின்றுவிடும். தோலுறை வியர்வையைக் குடித்து இரும்பை ஊறப்போடும். நிக்கல் மினுங்கும், ஆனால் கீறல் விழுந்தால் செதிள் செதிளாக உரியும். இப்போது வருகிற மங்கல் கறுப்புப் பூச்சை உறை எவ்வளவு உரசினாலும் அசைக்க முடியாதாம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட மனிசன் இவ்வளவு விசாரிக்கவில்லை.

நானும் பார்த்தேன். உறையில் போட்டு எடுத்துப் பழகிய துவக்கு என்றால் குழல்வாயின் விளிம்பில்தானே பூச்சு தேய வேண்டும்? அங்கே வாங்கிய அன்றைய கறுப்பு அப்படியே இருந்தது. வெளுத்துக் கறளேறியிருந்தது உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்பக்கம் - நாலு பேரைக் கண்டதும் அவர் தடவுகிற இடம்! உறையைக் குறை சொல்லி என்ன பயன்? தின்றது அவருடைய உள்ளங்கை.

தேநீரோடு வந்த அவர் மனைவி என்னிடம்தான் சொன்னார்.

"அண்ணன், மகள் இந்தச் சித்திரைக்கும் வரமாட்டாளாம். பிள்ள நடக்கத் தொடங்கிட்டான், கண்டதையும் பிடிச்சி இழுக்கிறான். இது வீட்டில இருக்குமட்டும் படி மிதிக்கமாட்டன் எண்டிட்டாள். நான் இன்னும் அவனத் தூக்கவே இல்ல."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்றுப்போன தவிசாளரை எவன் தேடி வந்து சுடப்போகிறான்? இந்தச் சனியனைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டுப் பேரனைத் தூக்கு என்றேன்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"அப்ப நிக்கலே அடிப்பம் மச்சான்," என்றார். "மினுங்கினா பேரனும் பார்த்து ஆசைப்படுவான்."

அவர் மனைவி தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நல்லகாலம்... மகள் தகப்பனைப் போல இல்லை.