வண்டியில் கட்டிய தழை

காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பி, சங்கராபுரம் தாண்டியதும் இட ஒதுக்கீட்டு மறியல். என் பைக்கை நிறுத்திய இளைஞர், "எந்த ஊரு? எந்தத் தெரு?" என்றார்.

எங்கள் தெருவைச் சொல்லப் பயந்து பக்கத்துத் தெருவைச் சொன்னேன். நம்பிவிட்டார்.

ஹேண்டில்பாரில் ஒரு வாகைக் கிளையைக் கட்டினார். "இத்த அவுக்காம போங்க. யாரும் மறிக்க மாட்டாங்க."

கல்வராயன் காட்டில் விலங்குகளைக் கணக்கெடுக்க வைத்திருக்கும் கேமராக்களுக்குப் பேட்டரி மாற்றுவதும், மலை ஊர்களில் மரத்தை ஒடிக்காதீர்கள் என்று சொல்வதும் என் வேலை.

மலையில் இரண்டாவது வளைவில் ஒரு காட்டெருமை நின்றது. எஞ்சினை அணைத்தேன். அது நேராக வந்து, மூச்சுக்காற்று என் விரலில் பட, அந்தத் தழையைத் தின்னத் தொடங்கியது. நான் அசையவே இல்லை.

அது போன பிறகு வந்த வனக்காவலர் மிச்சமிருந்த குச்சியைப் பார்த்தார். "மரத்த ஒடிக்காதீங்கன்னு ஊரூரா சொல்ற ஆளு, நீங்களே கட்டிக்கினு வரீங்களே, இன்னா சார் இது?"

மலைமேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காட்டெருமை என்னிடம் தெரு கேட்கவில்லை. சாயங்காலம் கீழே மறுபடி கேட்பார்கள், இப்போது தழையும் இல்லை.

கள்ளக்குறிச்சிக்கு வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சுற்றுவழியானாலும் பரவாயில்லை, தெரு கேட்காத வழியாக இருக்கட்டும்.