பூட்டனின் பெயர்

என்னைப் பெற்ற ஐயா இறந்த மாதத்தில் நான் ஹவாய்த் தீவின் பழைய அரசன் ஒருவனின் குடும்பத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். இணையத்தளம் ஒன்றுக்குக் கட்டுரைகள் மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. அரசனின் தகப்பன், தாய், மனைவிமார், அவர்களுக்கு முன்னே தலைமுறை தலைமுறையாகப் பெயர்கள். ஒன்றும் வாயில் நுழையவில்லை. செத்துப்போன ராசாவுக்கு இத்தனை சொந்தக்காரரா என்று எரிச்சலோடு தட்டினேன்.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி நெருங்கியபோது, அதைச் செய்துவைக்கும் ஐயர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, அப்பாவுக்கு மேல மூண்டு தலைமுறைப் பெயர் வேணும். அவையளோடதான் அப்பாவைச் சேர்க்கிறது. கேட்டு வையுங்கோ."

ஐயாவின் தகப்பன் பெயர் தெரியும். ஐயாவின் பெயருக்கு முன்னால் இருந்தது. அதற்கு மேல், என் பூட்டனிலிருந்து, இருட்டு. அம்மாவைக் கேட்டேன்.

"எனக்கென்னெண்டு தெரியும்? மாமான்ர பெயரையே நான் வாயால சொன்னதில்லை. பிறகு அவரைப் பெத்தவற்ற பெயரை ஆர் எனக்குச் சொல்லுறது?"

பளையில் இருக்கும் மாமிக்கு, ஐயாவின் அக்காவுக்கு, எடுத்தேன். "அப்பான்ர அப்பாவை அப்பு எண்டுதான் சொல்லுறது. பெயர் சொல்லிக் கூப்பிட அவர் என்ன எங்கட தோழனே?" என்று சீறினார். பிறகு, "தம்பிக்குத் தெரியும், அவனைக் கேள்" என்றார். செத்துப்போனதே அந்தத் தம்பிதான் என்பது சொன்னபின்தான் அவருக்கு உறைத்தது. அழுதபடி வைத்துவிட்டார்.

காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன, நாங்கள் என்ன செய்வது என்று மனதைத் தேற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். அடுத்த பந்தியில் இருந்தது: அந்த நாளில் அந்தத் தீவுக்காரருக்கு எழுத்தே கிடையாது. பரம்பரை முழுவதையும் வாயால் பாடியே காத்தார்கள். முன்னோரின் பெயரை உரத்துச் சொல்வதுதான் அவர்களுக்கு மரியாதை. எங்களுக்கோ சொல்லாமல் விடுவது மரியாதை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது? மரியாதையாக நடந்தவர்கள் மேலா?

அக்கராயன் குளத்தடியில் கிரியை நடந்தது. தர்ப்பை விரலில் இருக்க, ஐயர் கேட்டார்: "அப்பாவின்ர பாட்டன்?"

என் நாக்கில் அந்த அரசனுடைய பாட்டனின் பெயர் வந்து நின்றது. பிழையில்லாமல் சொல்லியிருப்பேன். தெரியாது என்றேன்.

"தெரியாட்டி விடுங்கோ. சிவன்ர பெயரைச் சொல்லுவம்." அவருக்கு இது பழகிப்போனது போலிருந்தது. இந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருப்பாரோ. பூட்டனும் சிவன், அவரைப் பெற்றவரும் சிவன் என்று பிண்டங்களைச் சேர்த்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவுக்குள் அம்மா என் கையைப் பிடித்தார்.

"அப்பு ஆரெண்டு தெரியாமல் இவர் அங்க தனிச்சு நிப்பாரோ?"

"ஐயாவுக்குத் தெரியும் அம்மா," என்றேன். "எங்களுக்குத்தான் தெரியாது."