நாலு பேருக்கு ஒரு தட்டு

ஓய்வூதியம் எடுத்த பிறகு கப்பல் கட்டப் போனேன். ஒஸ்லோவில் பதினைந்து வருடம் கட்டட அனுமதிக் கோப்புகள் பார்த்தவனுக்கு உளி பிடிக்கத் தெரியாது. ஆனால் அது சிரமதானம், சம்பளமில்லாமல் எல்லோரும் கூடிச் செய்யும் வேலை. வந்தவனைப் போகச் சொல்ல ஒருவருக்கும் அதிகாரமில்லை. நோர்வேக்காரரின் ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அயர்லாந்துப் பஞ்சத்தில் தப்பியவர்களைக் கடல் கடத்திய பாய்க்கப்பல் அது. பின்னர் நோர்வேக்காரர் வாங்கி மரம் ஏற்றினார்கள். கடைசியில் இங்கேயே உக்கிக் கிடந்ததைக் காட்சிக்கு வைக்கத் திரும்பக் கட்டினோம். கீழ்த்தளத்தில் படுக்கைத் தட்டுகளை மறுபடி அடிக்கும் வேலை எனக்கும் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் குடியிருக்கும் நண்பருக்கும் கிடைத்தது. ஆறடிக்கு ஆறடித் தட்டு. ஒன்றில் நாலு பேர்.

"வடக்கை பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் வெட்டேக்கை ஒரு அறையிலை மூண்டு பேர் இருந்தனாங்கள், அண்ணை" என்றார் நண்பர். "அது மாளிகை."

ஒரு சனிக்கிழமை வேலைக்குழுத் தலைவி ஒரு பலகையோடு இறங்கி வந்தார். நல்ல மனுசி. தட்டின் நடுவே அதை அடித்து, இருவர் படுக்கும் கட்டிலாகக் காட்டினால் போதும் என்றார். பார்க்க வருகிறவர்கள் மனம் சோர்ந்துவிடக் கூடாதாம்.

"அடிக்க மாட்டேன்" என்றேன். "இப்போது இடம் கொடுத்து அன்று இதில் படுத்தவர்களுக்கு என்ன பயன்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அனுமதி பெற்ற வரைபடத்தில் நாலு பேர் என்று இருக்கிறது. மாற்றுவதென்றால் புது விண்ணப்பம் வேண்டும். அதை நானே எழுதித் தருகிறேன். அதற்கான ஆட்சேபத்தையும் நானே எழுதுவேன். இரண்டும் திறமாக இருக்கும்."

"உண்மையில் நாலு பேர் இதில் படுத்திருக்கவே முடியாது" என்றார் அவர்.

"படுத்துப் பார்ப்போம்."

நண்பர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். அடுத்து நான். பக்கத்தில் நின்ற தச்சர், காது சிவக்க, என் அருகில் படுத்தார். தலைவி சற்று யோசித்துவிட்டு ஓரத்தில் நுழைந்தார். தச்சரின் சட்டையில் தார் மணத்தது. ஒருவர் திரும்பினால் நாலு பேரும் திரும்ப வேண்டும்.

"அண்ணை, முழங்கையை எடுங்கோ. விலா போச்சு."

"அந்தச் சனம் கடலிலை ஆறு கிழமை இப்பிடியே கிடந்தவை. நீர் ஆறு நிமிசம் கிடவும்."

தலைவி மேற்பலகையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு இறங்கி, தான் கொண்டுவந்த பலகையைத் தானே தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

ஆட்சேபக் கடிதத்தை அன்றிரவே எழுதிவிட்டேன். அது இன்னும் என் பையில் இருக்கிறது. கப்பல் இன்னும் முடியவில்லை.