வித்துவானின் ஒரே ரசிகை

இசையுலகம் ஒரு பேராபத்திலிருந்து தப்பித்தது. தப்பித்தது அதற்கே தெரியாது. அந்த ஆபத்து ஒரு மூன்றாம் மாடி வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தினமும் மதியம் வயலின் வாசித்துக்கொண்டிருந்தது. ஊரார் அவரை வித்துவான் என்று அழைத்தார்கள். ஊரார் என்றால் தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு பேர். பட்டம் கொடுக்க அவ்வளவு பேர் போதும். பெரிய சபைகளிலும் அநேகமாக அவ்வளவு பேர்தான் கூடி முடிவு செய்கிறார்கள்.

வித்துவான் பிறக்கும்போதே வித்துவானாகப் பிறந்துவிடவில்லை. உழைத்த காலம் முழுக்க ஒரு துணி மில்லில் தறி ஓட்டியவர். தறிக்கூடம் என்பது தலைக்கு மேல் ஒரு ரயில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் இடம். அங்கே யாரும் பேசுவதில்லை. உதட்டை அசைப்பார்கள், எதிரில் நிற்பவர் படித்துக்கொள்வார். மேஸ்திரியைத் திட்டுவதற்கு இதைவிட வசதியான பாஷை கிடையாது. ஒரே சங்கடம், மேஸ்திரிக்கும் படிக்கத் தெரியும்.

அந்தச் சத்தத்தில் வருஷக்கணக்காக நிற்கும் காது, முதலில் கூர்மையான ஒலிகளைக் கைவிடும். குருவி, விசில், குக்கர், குழாயில் சொட்டும் தண்ணீர் எல்லாம் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். தடித்த ஒலிகள் மட்டும் தங்கும். வித்துவானுக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஆகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. உலகம் வயதாகி அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அவர் மனைவிக்கும் அதே மில்லில்தான் வேலை, வேறு பிரிவில். இருவருக்கும் எதிரெதிர் ஷிப்ட். கைக்குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே! இவர் வெளியே வரும்போது அந்த அம்மாள் உள்ளே போவார். மில் சங்கு அலறும் வாசலில் குழந்தையும் வீட்டுச் சாவியும் கைமாறும். "பையனுக்கு சளி. மருந்து அலமாரியில" என்று உதடு அசையும். இவர் தலை அசையும். தாம்பத்தியத்தின் பெரும்பகுதி அந்த வாசலிலேயே நடந்து முடிந்தது.

ஓய்வு பெற்றதும் வித்துவான் என்ன செய்தார்? உலகத்து ஆண்கள் எல்லாரும் செய்வதைத்தான். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். மதியம் சாப்பிட மட்டும் வந்தார். சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி போனார். பெஞ்சில் நாட்டு நிர்வாகம் நடந்தது, சீட்டாட்டம் நடந்தது. விளக்கு வைத்த பிறகு வீடு திரும்பினார்.

ஒரு நாள் பழைய சாமான் கடையில் பீரோவுக்குக் கைப்பிடி தேடப் போனவர் வயலினோடு திரும்பி வந்தார். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நாலு இழை, இழுத்துக் கட்டியிருக்கிறது, குறுக்கே ஒன்று போய்வருகிறது; அதுவும் ஒரு சின்னத் தறிதானே என்று தோன்றியிருக்கலாம்.

குருநாதர் என்று யாரும் இல்லை. கைபேசியில் ஒருவர் பாடம் நடத்துவதைப் பார்த்தே கற்றார். கேட்டு அல்ல, பார்த்து. விரல் எங்கே போகிறது, வில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணால் இசை பயின்ற முதல் மேதை இவராகத்தான் இருக்க வேண்டும். மெல்லிய தந்தி ஒரு நாள் பட்டென்று அறுந்தது. வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய்ப் புதுத் தந்தி வாங்குவார்கள். தறிக்காரருக்கு இழை அறுவது ஒரு விஷயமா? கண் இமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போட்டார், தறியில் போடும் அதே முடிச்சு. கம்பி அடம்பிடித்தது. குறட்டால் மடக்கிப் பணியவைத்தார். தந்தியின் நட்டநடுவில் அந்த முடிச்சு உட்கார்ந்துகொண்டு, வில் படும்போதெல்லாம் டப்பாவுக்குள் மாட்டிய வண்டு போல் அதிர்ந்தது. அவருக்கு அது கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அடியில் ஓடும் கனத்த, இதமான ஒரு முனகல்தான். அதில் சொக்கிப்போனார்.

எதிரில் அவருடைய ஒரே ரசிகை, தானும் மில்லிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட மனைவி, உட்கார்ந்திருப்பார். மடியில் ஏதாவது வேலை, தைக்கவோ கீரை ஆயவோ. ஒரு பாட்டு முடிந்ததும் வித்துவான் புருவத்தை உயர்த்துவார்.

"நல்லா இருக்குங்க" என்று உதடு அசையும். "இன்னொண்ணு வாசிங்க."

இப்படி ஒரு ரசிகை இருந்தால் எவன்தான் நிறுத்துவான்? டீக்கடைக்குப் போவது குறைந்தது. பிறகு நின்றே போனது. பெஞ்சுக்காரர்கள் பழிவாங்கும் விதமாகத்தான் அந்தப் பட்டத்தைச் சூட்டினார்கள். மாலையில் தம்பதி டிவி பார்த்தார்கள், கட்டடமே பார்க்கிற அளவு சத்தத்தில். மனைவிக்கு மில் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது, பாவம், அவளுக்காகத்தான் இவ்வளவு சத்தம் என்று வித்துவான் பொறுத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் ஒரு மழைக்காலத்தில் படுத்தார். நெஞ்சில் சளி என்றார்கள், பிறகு வேறு பெயர் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், முகத்தில் ஆக்ஸிஜன் மூடி போட்டுவிட்டதால், உதட்டைப் படிக்க முடியவில்லை. கடைசியில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று வித்துவானுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸும் கேட்கவில்லை என்றாள்.

வீட்டில் அப்பாவைத் தனியே விட மகனுக்கு மனமில்லை. கூப்பிட்டும் அவர் வரவில்லை. ஆகவே மகன்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தான்: ஒரு கருவி வாங்கிக் கொடுத்தான். காதுக்குள் வைக்கிற மெஷின்.

"ஃபோன் அடிச்சா எடுக்கவே மாட்டேங்கிறீங்கப்பா. இதப் போட்டுக்கங்க."

போட்டதும் அவர் திடுக்கிட்டார். காற்றாடி கீச்சிடுகிறது. செருப்பு சரசரக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதை எழுந்து போய் இறுக்கினார். பிறகு ஆசையோடு வயலினை எடுத்தார். தன் இசையைப் புதுக் காதால் ஒரு முறை கேட்டுவிட வேண்டாமா?

ஒரே ஒரு இழுப்பு. கீழே வைத்துவிட்டார்.

மறுபடி எடுத்து, மெதுவாக இழுத்துப் பார்த்தார். மெதுவாக இழுத்தால் மெதுவாக அலறியது. வண்டு வேறு தனியாகக் கச்சேரி செய்தது. யாரோ தன்னை நடுத்தெருவில் நிற்கவைத்த மாதிரி வித்துவானுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்திலும் ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, அவளுக்கும் காது கிடையாது. எனக்குக் கேட்டதுதானே அவளுக்கும் கேட்டிருக்கும்? அந்த இதமான முனகலைத்தானே நல்லா இருக்கு என்றாள்? இருவருக்கு மட்டும் கேட்ட சங்கீதம் அது. மற்றவர்கள் எப்படியோ போகட்டும்.

அந்த ஆறுதலில் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஒரு மதியம் மடிப்பு அக்கா வந்தார். மில்லில் மடிப்புப் பிரிவில், நெய்து வந்த துணியை மடித்து அடுக்கும் வேலையில், அந்த அம்மாளின் பக்கத்து மேஜைக்காரி. எப்போதோ வாங்கிப் போன குடையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்.

"அண்ணே!" என்று வாசலிலிருந்தே முழங்கினார்.

"கத்தாதம்மா. காதுல மெஷின் இருக்கு."

"அடடே, முன்னாடியே வாங்கியிருக்கக் கூடாதா? உங்ககிட்டப் பேசிப் பேசி என் தொண்ட போச்சு."

வித்துவான் டீ போட்டுக் கொடுத்தார். மூலையில் கிடந்த வயலின் மீது அக்காவின் கண் போவதைக் கவனித்தார்.

"இப்பல்லாம் தொடுறதில்ல தங்கச்சி. மெஷின் போட்டுக் கேட்டேன். சகிக்கல. நல்லவேளை, அவளுக்கும் காது போயிருந்துச்சு. இல்லேன்னா இந்தக் கண்றாவிய தினம் கேட்டிருப்பா."

"யாருக்குக் காது போச்சு?"

"அவளுக்குத்தான். மில்லுல இருந்தவதானே?"

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணே, நீங்க மடிப்புக்குள்ள வந்திருக்கீங்களா?"

வந்ததில்லை. தறிக்காரர் மடிப்புக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. எண்ணெய்க் கை வெள்ளைத் துணியில் பட்டுவிடும் என்று மில்லில் கண்டிப்பான விதி. அத்தனை வருஷத்தில் மனைவி வேலை பார்த்த இடத்தை அவர் பார்த்ததே இல்லை.

"அங்க ஏதுண்ணே சத்தம்? கண்ணாடிக் கதவு போட்ட ரூம். நாங்க மடிச்சுக்கிட்டே ஊர்க்கதை பூரா பேசுவோம். அந்தக் கோடியில சூப்பர்வைசர் கொட்டாவி விட்டா இவதான் மொதல்ல சிரிப்பா. அவ்ளோ கூர்மையான காது."

"அப்ப ஏன் வீட்டுல வாயசைச்சே பேசினா?"

"உங்களுக்குப் புரியணுமில்ல?"

"டிவி?"

"அது உங்களுக்குன்னு அவ வச்சது."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்ப மறுத்து இருமியது.

"என் வாசிப்பப் பத்தி என்ன சொன்னா? உள்ளதச் சொல்லு."

"இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்?"

"சொல்லு தங்கச்சி."

"கதவிடுக்குல பூனை மாட்டுன மாதிரி இருக்குன்னா." அக்கா தயங்கினார். "அடுத்த வாரம் கேட்டேன். பூனையே பரவாயில்ல, அது ஒரு தடவ கத்திட்டு ஓடிரும், இது ரெண்டாவது பாட்டு வேற வாசிக்குதுன்னா. மேல்வீட்டு வக்கீல் வந்து என்னம்மா சத்தம்னு கேட்டாராம். குழாய் ரிப்பேர் நடக்குது சார், கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு அனுப்பிட்டா. அந்தக் குழாய் ரிப்பேர் வருஷக்கணக்கா நடந்துச்சு."

வித்துவான் சிரித்துவிட்டார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தார். பிறகு வித்துவானின் சிரிப்பு மட்டும் நின்றது.

"இப்படியெல்லாம் பேசுவாளா அவ?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? மடிப்புல அவ வாயத் தொறந்தா எங்களுக்கு வேலையே ஓடாது. வயிறு வலிக்கச் சிரிப்போம்."

அவரிடம் அந்த உதடுகள் சாவி, சளி, மருந்து, பால் என்று அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் அசைத்தன. வேடிக்கைப் பேச்சு உதட்டசைவில் ஏறாது போலிருக்கிறது. தான் ஒரு வேடிக்கையான பெண்ணோடு குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்பது வித்துவானுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவ்வளவு கொடுமைன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நிறுத்தியிருப்பேனே."

"நானும் அதத்தாண்ணே சொன்னேன். வாயத் தொறந்து சொல்லேன்டின்னு. அவ என்ன சொன்னா தெரியுமா?" அக்கா குடையின் நுனியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சொன்னா நிறுத்திருவாரு. நிறுத்துனா சட்டைய மாட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போயிருவாரு. வேலைக்குப் போன காலம் பூரா வாசல்லயே பார்த்து வாசல்லயே பிரிஞ்சோம். இப்பதான் எதிர்ல உக்காந்திருக்காரு. கத்தட்டும் விடுன்னா."

வித்துவான் எழுந்து போய் டீ டம்ளரைக் கழுவினார். தண்ணீர் விழும் சத்தம் அதிகமாகக் கேட்டதோ என்னவோ, காதிலிருந்து மெஷினைக் கழற்றினார். பிறகு அக்கா இன்னும் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இன்னும் என்னென்ன சொன்னா?" என்று கேட்டார். "எல்லாத்தையும் சொல்லு. எங்கிட்ட சொல்லாத எதுவா இருந்தாலும்."

அக்கா பொழுது சாயும்வரை சொன்னார். அதன் பிறகும் அவ்வப்போது வந்து, ஞாபகம் வந்ததை எல்லாம் சொன்னார். சொல்ல இருந்தது ஒரு நாள் தீர்ந்துபோயிற்று.

வயலின் அதன் பெட்டிக்குள் போய்விட்டது. மேல்வீட்டு வக்கீல் படிக்கட்டில் எதிர்ப்பட்டு, "ஒரு வழியா குழாய் சரியாயிருச்சு போல" என்று மகிழ்ச்சி தெரிவித்தார். வித்துவான் ஆமாம் என்று தலையசைத்தார். பெஞ்சுக்காரர்களும் விஷயம் கேள்விப்பட்டு, தங்கள் பழைய கூட்டாளியை மீட்டுக்கொள்ள ஒரு மதியம் கீழே வந்து நின்று குரல் கொடுத்தார்கள்.

"வித்துவானே, இறங்கி வாங்க! இன்னிக்கு ஒருத்தர் வரல, சீட்டுக்கு ஒரு கை குறையுது!"

அவர் ஜன்னலில் தலை நீட்டினார்.

"இல்லப்பா. இந்த நேரத்துல நான் வீட்ல இருக்கணும்."

"வாசிப்பா?"

"இல்ல" என்றார். உள்ளே வந்து, அவள் உட்காரும் இடத்துக்கு எதிரே, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பெஞ்சுக்காரர்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, மூன்று கையோடு ஆடலாமா என்று பேசிக்கொண்டே போனார்கள்.