வைக்கோல் பொம்மைக்குக் கருமாதி

என் புருஷனை ஜப்பான்காரன் கொல்லவில்லை. என் கொழுந்தன் கல்யாணத்துக்கு நாள் பார்க்க வேண்டியிருந்ததால் எங்கள் வீட்டார்தான் கொன்றார்கள்.

அவர் பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குக் கப்பலேறியவர். அங்கே சண்டை மூண்ட பிறகு வீட்டுக்கு ஒரு கடுதாசி வந்தது. அது இங்கிலீஷில் இருந்ததால் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் வாசித்துச் சொன்னார். ஆளைக் காணவில்லை என்று எழுதியிருந்தது. செத்தார் என்று ஒரு எழுத்து இல்லை. நான் இரண்டு தரம் கேட்டேன். "காணோம்னுதான் தாயி இருக்கு" என்று இரண்டு தரமும் சொன்னார்.

ஒன்றரை வருஷம் ஓடியது. கொழுந்தனுக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் காணாமல் போனவன் வீட்டில் மேளம் கொட்டக் கூடாதாம். செத்தவன் வீட்டில் என்றால் ஒரு வருஷம் கழித்துக் கொட்டலாமாம். சாவுத் தீட்டுக்காவது ஒரு கெடு உண்டு, காணாமல் போனதற்குக் கெடு ஏது? ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். வெற்றிலைத் தட்டு காலியாவதற்குள் என் புருஷன் கதையை முடித்துவிட்டார்கள்.

"உசுரோட இருந்தா இந்நேரம் வந்திருக்க மாட்டானா?" என்றார் ஒருவர். என்ன மூளை! மலேயா என்ன மேலூரா, சந்தைக்குப் போனவன் பொழுது சாய வந்து சேர?

"அவுக இருக்காக மாமா. கொஞ்சம் பொறுங்க" என்று மாமனாரிடம் கெஞ்சினேன்.

"ஒனக்கு என்னத்தா தெரியும்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கடுதாசி வந்தபோது வாத்தியாரிடம் கேட்டவள் நான். எனக்கு ஒன்றும் தெரியாதாம்.

உடம்பு கிடைக்காதவனுக்கு வைக்கோலில் ஆள் செய்து எரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். செய்தார்கள். அதற்கு அவருடைய கோடு போட்ட சட்டையை மாட்டினார்கள். கல்யாணமான புதிதில் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனபோது எடுத்த சட்டை அது. பிரியத்தில் வைக்கோலை அள்ளித் திணித்ததில் பொத்தான் போட முடியவில்லை. என் புருஷன் வயிற்றில் அத்தனை சதை என்றைக்கும் இருந்ததில்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கினேன்.

பதினாறாம் நாள் பொம்பளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் தாலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். நாலு பேர் என் கையைப் பிடித்து விலக்க, ஒருத்தி அறுத்தாள். பாவிகள், கழுத்தில் பட்ட நகக்கீறல் ஆறவே ஒரு வாரம் ஆயிற்று.

மறுவருஷம் கொழுந்தன் கல்யாணம் அமோகமாக நடந்தது. நான் கொல்லையில் பானை கழுவிக்கொண்டிருந்தேன். அறுத்தவள் முகத்தில் மாப்பிள்ளை விழிக்கக் கூடாதே!

சண்டை முடிந்த பிறகு ஒரு நாள், பட்டாளத்துக்காரர் ஒருவர் என் புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜப்பான்காரன் சிறையில் கிடந்தவரை ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றி அனுப்பியிருந்தார்கள். தேற்றிய லட்சணம்தான் அது, எலும்பும் தோலும். ஊர் எல்லைப் புளியமரத்தடியிலேயே மறித்துவிட்டார்கள். எரித்த ஆள் தலைவாசல் வழியாக வீட்டுக்குள் வரக் கூடாதாம்.

நான் சொம்புத் தண்ணீரோடு ஓடினேன். அவர் குடிக்கவில்லை. என் கழுத்தையே பார்த்தார்.

"ஏன் வெறுங்கழுத்தா இருக்க?"

"ஒங்களுக்குக் கருமாதி முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு."

"என் கோடு போட்ட சட்ட?"

"அதையும் சேத்துத்தேன் எரிச்சாக."

செத்தவன் மறுபடி பிறந்தால்தான் வீடேறலாம் என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். புளியங்கிளையில் சேலையால் தொட்டில் கட்டினார்கள். யுத்தம் பார்த்த மனுஷனை அதில் கிடத்தினார்கள். முழங்காலுக்குக் கீழே வெளியில் தொங்கியது. மாமனாரின் அக்கா, அதாவது என் புருஷனுக்கு அத்தை, நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைத்து, பழைய பெயரையே காதில் மூன்று தரம் சொன்னாள். வைக்கோல் பொம்மையைப் பார்த்துச் சிரித்தவள்தான் நான். இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அத்தை அதோடு விட்டாளா? "புதுசாப் பொறந்தவனுக்குப் புதுசாத்தேன் பொண்ணு பாக்கணும். அறுத்தவ கழுத்துல திரும்பத் தாலி ஏறுனா வீட்டுக்கு ஆகாது. எம்மக இருக்கா" என்றாள்.

தலைகள் ஆடின. இந்தக் கூட்டம் வெற்றிலை போட்டுக்கொண்டே ஒரு தரம் அவரைக் கொன்ற கூட்டம். இன்னொரு தரம் பறிக்க எம்புட்டு நேரமாகும்?

தொட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. "அய்த்த, நான் பொறந்து இன்னும் ஒரு நாழி ஆகல. அதுக்குள்ள கல்யாணமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தட்டுத் தடுமாறி இறங்கினார். "வீட்டுக்குள்ள போனா இவகூடத்தேன் போவேன். இல்லேன்னா வந்த வழியே போறேன்."

மாமனார் ஆடிப்போனார். "சரிப்பா, இவ கழுத்துலயே கட்டு" என்று மஞ்சள் கயிறு கொண்டுவரச் சொல்லி அவர் கையில் கொடுத்தார். எல்லோரும் நான் தலை குனிவேன் என்று காத்திருந்தார்கள்.

"வேணாம்" என்றேன். "அறுக்கையில என்னையக் கேட்டீகளா? அவுக எம்புருசன், நான் அவுக பொண்டாட்டி. இன்னொரு தரம் அறுக்க ஒங்களுக்குக் கழுத்தக் குடுக்க மாட்டேன்."

"தாலியில்லாமக் குடும்பமா? யாத்தே!" என்று அத்தை வாயில் அடித்துக்கொண்டாள். அவர் கயிற்றைச் சுருட்டித் தொட்டிலில் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தலைவாசல் வழியாகத்தான் போனோம்.

முப்பது வருஷம் வெறுங்கழுத்தோடு குடும்பம் நடத்தினேன். விசேஷ வீடுகளில் என்னைப் பந்திக்குக் கூப்பிடலாமா வேண்டாமா என்று ஊர் குழம்பியது. நான் கூப்பிடாமலே போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அவர் நிஜமாகவே செத்தது வீட்டில், என் மடியில். அன்றைக்கு நான் ஊருக்கே கேட்க அழுதேன். யாரும் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லவில்லை. பதினாறாம் நாள் பொம்பளைகள் வழக்கப்படி என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி என் கழுத்துக்குக் கையைக் கொண்டுவந்தாள். தடவிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

"அதத்தேன் வைக்கோலுக்கே அறுத்துட்டீகளே. எந்திரிச்சுப் போங்கடி" என்றேன்.