ஹார்க்பி அனுப்பிய உறுப்பினர்

ஹார்க்பி சுரங்கத்தில் சிறுவயது முதல் நிலக்கரி வெட்டிய ஈனக் தோர்லியை, 1910 ஜனவரியில் ஊர் பார்லிமென்டுக்கு அனுப்பியது. முடிவு தெரிந்ததும் ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார்கள். ஏழு வயது மகள் லெட்டிஸ், "எங்கப்பா, எங்கப்பா" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே கூட ஓடினாள்.

லண்டனில் அவர் எடுபடவில்லை. சுரங்கக் கூரைகள் இடிந்து விழுவதைப் பற்றி ஒரே ஒருமுறை பேச எழுந்தார். அவருடைய உச்சரிப்பைக் கேட்டு எதிர்வரிசை சிரித்தது. பாதியில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு, கட்சி சொன்ன பக்கம் ஓட்டுப் போடுவதுதான் வேலை என்றானது.

ஏப்ரலில் தந்தி வந்தது. லெட்டிஸுக்குத் தொண்டை அடைப்பான், உடனே வரவும். பையோடு கிளம்பியவரைப் பார்லிமென்ட் வராந்தாவில் கட்சிக் கொறடா பெல்லிங்கர் மறித்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் ஓட்டெடுப்பு, தோர்லி. ஒரு தலை குறையக்கூடாது."

"குழந்தைக்குத் தொண்டை அடைப்பான்யா."

"ஒரு நாள்தானே. உங்க ஜனங்க உங்கள எதுக்கு அனுப்பினாங்க?"

அந்தக் கேள்விக்கு அவர் கட்டுப்பட்டார். இருந்து ஓட்டுப் போட்டுவிட்டு ரயிலேறினார். தெருமுனையில் திரும்பியபோதே, வீட்டு ஜன்னல் திரைகள், சாவு விழுந்த வீட்டில் செய்வதுபோல, பகலில் இறக்கிவிடப்பட்டிருப்பது தெரிந்தது.

மனைவி மார்த்தா அழுது முடித்திருந்தாள். "அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ஊர் வேலையா இருக்காருன்னு சொன்னேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "உங்க ஓட்டாலதான் ஜெயிச்சுதா?" என்று கேட்டாள்.

அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சொல்லுங்க."

"நூறு ஓட்டுக்கு மேல வித்தியாசம்."

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

டிசம்பரில் மறுபடி தேர்தல். கட்சி நிறுத்தியது, நின்றார். கூட்டத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளி எழுந்து, "லண்டன் போய் எங்களுக்கு என்னய்யா கிழிச்ச?" என்றான்.

ஈனக் மேடை விளிம்புக்கு வந்தார். "இருன்னாங்க. இருந்தேன்" என்றார்.

மேலே ஏதோ சொல்வார் என்று கூட்டம் காத்திருந்தது. அவர் மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

தோற்ற கையோடு சுரங்கத்துக்குத் திரும்பினார். "எம்.பி. ஐயா, தலை பத்திரம், கூரை தாழ்வா இருக்கு" என்று கூட்டாளிகள் கொஞ்சநாள் சீண்டிப் பார்த்தார்கள். அவர் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்ததால் அவர்களும் விட்டுவிட்டார்கள். மார்த்தா அந்த ஓட்டைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. திறந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று, அவள் எதிரே சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவருக்குத் தோன்றும்.