என் பெயருக்கு வந்த கடிதம்

கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. மயிரிழை விரிசல் தெரிந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரம் தள்ளிவிடுவேன். அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். அப்படிப்பட்ட நான்தான் வீட்டுக்கு வந்த ஒரு கடிதத்தை ஃப்ரிட்ஜ் மேல் போட்டு வைத்தேன்.

கடிதம் ஒரு காரைப் பற்றியது. அந்தக் கார் முதலில் என்னுடையது. தம்பிக்குக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியும் ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்தான் இருந்தது. "அண்ணன் தம்பிக்குள்ள பேர் மாத்தி இன்னா ஆவப்போவுது" என்று பெரிய மனுஷனாகச் சொன்னது நான்தான். அதனால் கார் கம்பெனியின் கடிதமும் எனக்கு வந்தது. முன்னால் இடது பக்கத்து சீட் பெல்ட்டின் பூட்டில் தயாரிப்புக் குறை இருக்கிறது, மாட்டியிருந்தாலும் மோதும்போது கழன்றுகொள்ளலாம், ஷோரூமுக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு முறை படித்தேன். அதன் அர்த்தம் தெரியாதவன் இல்லை நான்.

ஆனால் அப்போது தம்பியோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. திருநின்றவூரில் வீடு கட்டியவன், கிரகப்பிரவேசப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். சொந்த அண்ணனை, பெண்டாட்டியோடு நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டாமா? நான் போகவில்லை. அவன் இரண்டு தரம் போன் செய்தான், எடுக்கவும் இல்லை.

கடிதத்தைப் பார்த்த என் மனைவி, "ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்களேன்" என்றாள்.

"ஊட்டுக்கு வரட்டும், கையில குடுக்கறேன்" என்றேன்.

வருவான் என்று நிஜமாகவே நம்பினேன். வந்தால், அண்ணன் தயவு எதற்கெல்லாம் வேண்டியிருக்கிறது பார் என்று நாலு வார்த்தை சொல்ல, மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன். என் வீம்பில் தீயை வைக்க.

கடிதம் வந்த மூன்றாவது வாரம், ஊத்துக்கோட்டையில் மாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், நின்றிருந்த லாரியில் தம்பி காரை இடித்துவிட்டான். அவனுக்குக் கை முறிந்தது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி முன் கண்ணாடியில் போய் மோதினாள். திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

அவள் பெல்ட் போடவில்லை என்று எல்லோருமே முடிவு கட்டிவிட்டார்கள். சாவு வீட்டில் அவள் அம்மா தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பெல்ட்டு போடுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நைனா? எம் பொண்ண இப்படி இட்டாந்து போட்டுக்கினு நிக்கிறியே."

"போட்டுக்கினுதான் இருந்தா அத்தே. சத்தியமா" என்றான் தம்பி. யாரும் நம்பவில்லை. நான் பக்கத்திலேயேதான் நின்றேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? பயம். வெறும் பயம்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவனே போன் செய்தான். "ஒருவேள அவ போடலையோண்ணா. எனக்கே இப்ப தெரியல. வண்டி எடுக்கச் சொல்லோ அவள திரும்பிப் பாத்தனான்னு யோசிச்சிக்கினே கெடக்கறேன்" என்றான். அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

மறுநாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். செருப்பால் அடிக்கட்டும், இனி முகத்தில் விழிக்காதே என்று சொல்லட்டும் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். மாவுக்கட்டு போடாத கையால் வாங்கிப் படித்தான். நிறைய நேரம் படித்தான்.

"எப்பண்ணா வந்துச்சு இது?"

"ஆக்சிடென்ட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வந்துடுச்சுடா. உம்மேல கோவத்துல குடுக்கல."

அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "அப்ப அவ பெல்ட்டு போட்டுக்கினுதான் இருந்திருக்கா" என்றான்.

"ஆமாண்டா."

கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதான். அவள் போனதிலிருந்து அவன் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அத்தையிடம் இதைக் காட்ட வேண்டும் என்று செருப்பை மாட்டினான். ஊத்துக்கோட்டைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஒற்றைக் கையோடு எப்படிப் போவான், நானும் கூட வருகிறேன் என்றேன்.

"நீ வராதண்ணா" என்றான்.